நீலக் கோடு
(அத்தியாயம் 17)

வாரா வாரம் இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தப் பச்சை ஃபைலைத் தெரியும். இன்று முதல்முறையாக வருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

கீழே பல் லேப், மேலே வீடு. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்து, உடைந்த பல்லின் மேல் மாட்டும் கேப்புகளைச் செய்து கொடுக்கும் லேப். நடத்துகிறவர் அப்பா. அங்கே பதினாறு வருடமாக செராமிக் வேலை பார்ப்பவள் அவருடைய மூத்த மகள். வயது முப்பத்தெட்டு. இரண்டு மூன்று வருடமாகவே அவளுக்குச் சரியான தூக்கமில்லை. செய்த கேப் எவ்வளவு நன்றாக வந்தாலும் 'இது எப்படியும் திரும்பி வரும்' என்று ஒரு பயம். ஓர் ஆலோசகரிடம் இருபத்திரண்டு வாரம் போனாள். அவர் கொடுத்த தாள்களை ஒன்று விடாமல் நிரப்பினாள். நிகழ்ச்சி, மனதில் வந்த நினைப்பு, அதற்குச் சாதகமான சான்று, எதிரான சான்று, மாற்று நினைப்பு என்று தாளுக்கு ஐந்து கட்டம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் பயம் மட்டும் போகவில்லை. கடைசியில் அந்த ஆலோசகரே, "உங்களுக்கு வேற மாதிரி அணுகணும்" என்று நேர்மையாகச் சொல்லி இன்னொருவரிடம் அனுப்பிவைத்தார்.

நிரப்பிய தாள்கள் எல்லாம் பச்சை ஃபைலில். ஃபைல் அவள் மேஜை இழுப்பறையில். போன வாரம் அந்த இழுப்பறை திறந்து கிடந்தது.

இந்த வெள்ளிக்கிழமை காலை ஃபைல் சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

அப்பா அதன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மூத்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், அடுப்பில் எதுவும் இல்லை.

இந்த வீட்டில் மௌனமும் ஆளுக்கு ஆள் வேறு. அம்மாவின் மௌனம் கெஞ்சும். அப்பாவின் மௌனம் காத்திருக்கும். எதிரே நிற்பவர் தானாகவே தப்பை ஒப்புக்கொள்ளும் வரை, எத்தனை நேரமானாலும், டீ ஆறிப்போனாலும் காத்திருக்கும். அந்த மௌனத்துக்கு முன்னால் மூத்தவள் இதுவரை ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்ததில்லை.

இன்று ஆறாவது நிமிடத்தில் அப்பாவே பேசினார்.

"பதினொண்ணாவது தாள்ல தேதி தப்பு."

அவள் வந்து ஃபைலைத் திறந்தாள். பார்த்ததும் காது மடல் சூடேறியது. தாளுக்குத் தாள் நீலப் பென்சில். சில வரிகளுக்குக் கீழே கோடு, சில கட்டங்களில் 'சரி' குறி, ஓரிடத்தில் கேள்விக்குறி. லேப்பை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கேப்பையும் எப்படிச் சோதிப்பாரோ, அப்படியே உட்கார்ந்து மகளின் மனதையும் சோதித்திருக்கிறார்.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். ஆறடி உயரம், முப்பது வயது, வீட்டில் இன்னும் பெயர் குட்டி. எட்டிப் பார்த்தான்.

"அப்பா, மார்க் எவ்வளவு போட்டிருக்கீங்க? அக்கா பாஸா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நீயே எழுதியிருக்க," என்றார் அப்பா. ஒரு தாளை விரலால் தட்டினார். "'அப்பா என்னை ஒரு பொருட்டா மதிக்கல.' அதுக்குச் சாதகமா ரெண்டு சான்று. எதிரா ஆறு. ஆறையும் படிச்சேன். எல்லாம் நடந்ததுதான். உனக்குத் தனி மேஜை போட்டுக் கொடுத்தது, உனக்குக் காய்ச்சல் வந்தப்போ லேப்பை மூடினது. ரெண்டுக்கு ஆறு. அப்புறம் என்ன? உன் சான்றுபடியே உனக்கு ஒண்ணுமில்ல."

"அதுதான்ப்பா பிரச்சினை."

"எது?"

"ஆறுன்னு எழுதும்போது கை எழுதுது. உள்ள ரெண்டுதான் இருக்கு."

அப்பா அவளைப் பார்த்தார். அளவு பொருந்தாத எதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இன்னிக்கும் அங்க போற. அப்படித்தானே?"

"பதினோரு மணிக்கு."

"வீட்டு விஷயத்தை வெளியாள்கிட்ட கொட்டிட்டு, காசையும் கொடுத்துட்டு வருவ." டம்ளரை மேஜையில் வைத்தார். கொஞ்சம் தளும்பியது. "போ. நான் தடுக்கல. ஆனா திரும்பி வந்து கீழ உன் மேஜையில உக்காராத."

குட்டி தலையைக் குனிந்துகொண்டான். அம்மா கடைசியில் திரும்பினாள்.

"கண்ணு, 'தெரியாம எழுதிட்டேன்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். அவர் குணம் உனக்குத் தெரியாததா?"

அந்த ஒரு வார்த்தை மூத்தவளின் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. எப்போதும் தயாராகத்தான் இருக்கும். அது வெளியே வந்துவிட்டால் அப்பாவின் முகம் இளகும், அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், குட்டி இன்னொரு ஜோக் அடிப்பான், வீடு மறுபடி வீடாகிவிடும்.

மேஜை என்றால் வெறும் மேஜை இல்லை. ஜன்னலோரம், வெயில் நேராக விழாத பக்கம். பல்லின் நிறத்தை அந்த வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். அவளுக்கென்று கல்யாணமோ தனி வீடோ அமையவில்லை. இந்த உலகத்தில் 'இது என்னுடையது' என்று அவள் சொல்லக்கூடியது மூன்றடிக்கு இரண்டடி அந்த மரப்பலகை ஒன்றுதான்.

நாக்கிலிருந்ததை மென்று விழுங்கினாள். செருப்பை மாட்டினாள். படியிறங்கினாள்.

*

புது ஆலோசகரின் அறை ஒரு சாவிக்கடைக்கு மேலே. கீழே மெஷின் சாவி தேய்க்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். ஆலோசகர் அவளைவிட எட்டு வயது சின்னவர். இன்று நல்ல சளி வேறு. மடியில் டிஷ்யூ டப்பா.

"வழக்கமா இந்த டப்பா உங்க பக்கம் இருக்கும். இன்னிக்கு நான் எடுத்துக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

மூத்தவள் ஃபைல் கதையைச் சொன்னாள். நீலப் பென்சில், 'ரெண்டுக்கு ஆறு', மேஜை. எல்லாவற்றையும் ஒரு வேலை அறிக்கை வாசிப்பதுபோல் சொல்லி முடித்துவிட்டு, சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். முதல் இடத்துல மாசா மாசம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பாங்க. எவ்வளவு சோர்வா இருக்கீங்கன்னு எண் போடணும். நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் போட்டேன். இருபது, பதினேழு, பதினாலு. அதைப் பார்த்து அவங்க முகம் மலரும். அந்த முகத்துக்காக."

"அப்போ அந்த இருபத்திரண்டு வாரமும் தாளை நிரப்பினது யாரு?"

"நான்தான்."

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கீழே மெஷின் ஒரு சாவியைத் தேய்த்து முடித்தது.

"இல்ல," என்றாள் மூத்தவள் மெதுவாக. "நான் இல்ல. அவங்க முகம் வாடக் கூடாதுன்னு பயந்தது எதுவோ, அது நிரப்புச்சு."

"அந்தத் தாள் வழி நல்ல வழிதான். எத்தனையோ பேருக்குக் கை கொடுக்குது. இன்னிக்கு வந்த ஒரு நினைப்பு தப்புன்னா, அதைச் சரிபார்த்து மாத்திடலாம். ஆனா உங்களுக்கு அடியில ஒரு சட்டம் ஓடுது. சின்ன வயசுலேயே எழுதப்பட்ட சட்டம். அதைத்தான் ஸ்கீமான்னு சொல்றோம். நீங்க சமர்த்தா வீட்டுப்பாடம் செய்யச் செய்ய, அந்தச் சட்டத்துக்குத்தான் தீனி. அதனாலதான் இங்க வீட்டுப்பாடம் கொடுக்கல."

"கொடுத்திருந்தா நல்லாப் பண்ணியிருப்பேன்."

"தெரியும். பயமா இருந்துச்சு."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரித்ததற்காக ஒரு கூச்சம் வந்தது. ஆலோசகர் அதையும் பார்த்தார், விட்டுவிட்டார்.

அறையில் இன்னொரு காலி நாற்காலி இருந்தது. போன மாதத்திலிருந்து அது திட்டுகிற குரலின் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் மூத்தவள் தடங்கலில்லாமல் பேசுவாள். 'ஒரு கேப் ஒழுங்காச் செய்யத் தெரியுதா, பதினாறு வருஷம் என்னத்தைக் கிழிச்ச' என்று அப்பாவின் அடித்தொண்டைக் குரல் அப்படியே வரும். எதிரே இன்னொரு சின்ன ஸ்டூல். அது அந்தத் திட்டை வாங்கிக்கொள்கிற சின்னப் பெண்ணுக்கு. அதில் உட்கார்ந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். நான்கு வாரமாக அதே கதைதான்.

"இன்னிக்கு ஸ்டூல் வேண்டாம்," என்றார் ஆலோசகர். "சுத்தியல் மேஜைன்னு ஒண்ணு சொன்னீங்களே. அதை முதல்முதலா எப்போ பார்த்தீங்க? கண்ணை மூடிக்கணும்னு கட்டாயம் இல்ல. மூடினா வசதி."

சுத்தியல் மேஜை என்பது லேப்பின் நடுவே இருக்கும் கல் பலகை. அப்பா போட்ட விதி அது. தப்பென்று திரும்பி வந்த கேப்பை, செய்தவர் தன் கையாலேயே எல்லோர் முன்னாலும் உடைக்க வேண்டும். உடைத்துவிட்டு 'என் தப்பு' என்று சொல்ல வேண்டும். அப்பாவும் தன்னுடையதை அப்படி உடைத்திருக்கிறார், மறைத்ததில்லை. அதை அவர் நாணயம் என்று நம்பினார். மூத்தவளும் நம்பினாள். முதல் ஆலோசகரிடம் போய்க்கொண்டிருந்தபோது, தன்மேல் பிழையே இல்லாத ஒரு கேப்புக்குத் தாளில் ஒன்பது சான்று எழுதினாள். எழுதிவிட்டுக் கீழே போய் அதை உடைத்தாள். தாளில் ஜெயித்து மேஜையில் தோற்றுப்போனாள்.

கண்ணை மூடினாள்.

"ஒன்பது வயசு. லேப்ல கீழே கிடந்த மெழுகுத் துண்டை எடுத்து ஒரு பல் செதுக்கினேன். கடைவாய்ப்பல். மூணு நாள் ஒளிச்சு ஒளிச்சுச் செஞ்சேன். அப்பாகிட்ட காட்டினேன்."

"அப்பா?"

"திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'கீழ் வரிசை முதல் கடைவாய்க்கு மேடு அஞ்சு. நாலுதான் வச்சிருக்க. மேஜையில வை'ன்னார். சுத்தியலைத் தூக்க முடியல எனக்கு. ரெண்டு கையாலயும் தூக்கிப் போட்டேன். உடையல. மெழுகு உடையாது. நசுங்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நானே கட்டை விரலால அமுக்கினேன். தட்டையாகுற வரைக்கும். 'என் தப்பு'ன்னேன்."

கண்ணைத் திறக்காமலே கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"அப்புறம் அப்பா என் தலையில கை வச்சார். 'நல்ல பொண்ணு'ன்னார். அதுக்கு முன்னாடி அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்ல."

"பல் செஞ்சதுக்கா?"

"அமுக்கினதுக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கன்னத்தில் ஏதோ வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. டப்பாதான் எதிர்ப்பக்கம் இருந்ததே.

"நான் அந்த அறைக்குள்ள வரலாமா?" என்று கேட்டார் ஆலோசகர். அவள் தலையசைத்தாள். "நான் உங்க அப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவுல வந்து நிக்கிறேன். அவர்கிட்ட சொல்றேன். சார், இவளுக்கு ஒன்பது வயசு. ஒன்பது வயசுக்கு நாலு மேடு நிறைய. அந்தப் பல் அவளோடது. யாரும் அதைத் தொட வேண்டாம்." நடுவில் ஒரு தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டு முடித்தார். "இப்போ நீங்களும் வாங்க. முப்பத்தெட்டு வயசு நீங்க. உள்ள வாங்க."

"முடியல."

"எங்க நிக்கிறீங்க?"

"வாசல்ல."

"உள்ள வந்தா என்ன ஆகும்?"

"நான் அப்பா பக்கம்தான் நிப்பேன். அவகிட்ட குனிஞ்சு, 'அமுக்கிடு, சீக்கிரம் முடிஞ்சிடும்'னு சொல்லுவேன்." கண்ணைத் திறந்தாள். குரலில் கோபம் ஏறியிருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "இப்போ 'நல்லாப் பண்ணினீங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

"சொல்லல."

சாவி மெஷின் மறுபடி ஓடி நின்றது.

"இன்னிக்கு வாசல்லயே நில்லுங்க," என்றார் ஆலோசகர். "கதவை மட்டும் சாத்தாதீங்க."

*

லேப்புக்குத் திரும்பியபோது மணி இரண்டு.

அவளுடைய ஸ்டூலின் மேல் பிளாஸ்டர் மூட்டை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. மேஜையின் நடுவே பச்சை ஃபைல். எடுத்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி.

அப்பா தன் இடத்தில் குனிந்து ஒரு பிளாஸ்டர் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மெழுகு வேலை பார்க்கும் பெரியவரும் செராமிக் சுடும் உலைக்குப் பொறுப்பான பெண்ணும் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

மூத்தவள் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தாள். கனம். அது தொப்பென்று தரையில் விழுந்து வெள்ளைப் புகை கிளப்பியது. உலைக்காரப் பெண் இருமினாள். மூத்தவள் ஸ்டூலைத் துணியால் துடைத்தாள். ஃபைலை இழுப்பறைக்குள் தள்ளினாள். உட்கார்ந்து விளக்கைப் போட்டாள்.

அப்பாவின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி செதுக்கியது.

இரண்டு மணி நேரம் இப்படியே போனது. நான்கு மணிக்குக் குட்டி பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். டாக்டர்களிடம் கொடுப்பதும் வாங்குவதும் அவன் வேலை. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. முகம் சரியில்லை.

"முன்பல் கேப் திரும்பிடுச்சு. அந்த ஸ்கூல் டீச்சரோடது. ஓரம் சேரலையாம். பல்லுக்கும் கேப்புக்கும் நடுவுல ஊசி உள்ள போகுதுன்னு டாக்டரம்மா கத்துறாங்க."

டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் மூத்தவளின் குறி இருந்தது.

அப்பா எழுந்தார். மெதுவாக நடந்து வந்து நடுவே இருந்த கல் பலகையின் அருகே நின்றார். சுத்தியலை அவள் பக்கமாகத் தள்ளினார். காலையிலிருந்து சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் அந்தத் தள்ளலில் இருந்தது.

"வா."

அவள் எழுந்து போனாள். டப்பாவைத் திறந்து கேப்பை எடுத்தாள். நிறம் அச்சு அசலாக அமைந்த கேப். அது உட்கார வேண்டிய பிளாஸ்டர் பல்லை எடுத்து லென்ஸுக்குக் கீழே திருப்பினாள்.

இங்கே ஒரு வேலை முறையைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி ஒரு பல் எடுப்பார்கள். அதன் கழுத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே கத்தியால் செதுக்குவார்கள். கேப் அந்தக் கோட்டில்தான் வந்து நிற்கும். கத்தி முடியளவு கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு யார் எப்படிச் செய்தாலும் ஓரம் சேராது. லேப்பில் எல்லோரும் சிவப்புப் பென்சில். அப்பா மட்டும் நீலம். 'என் வேலை தனியாத் தெரியணும்' என்று அவரே முப்பது வருடம் முன்னால் ஏற்படுத்தியது.

லென்ஸுக்குக் கீழே தெரிந்த கோடு நீலம். பல்லின் பின்பக்கம் வரும்போது அது அலைந்து, பிறகு கால் சுற்றுக்குக் காணாமலே போயிருந்தது. கத்தி அதைத் தின்றிருந்தது. அவள் செராமிக் வைத்தபோதே பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா செதுக்கிக் கொடுத்த பல்லை மறுபடி சோதிக்கும் வழக்கம் அந்த லேப்பில் யாருக்கும் இல்லை.

குட்டியும் பார்த்துவிட்டான். அவன் மூச்சை இழுத்தது கேட்டது.

"உடை," என்றார் அப்பா.

மூத்தவளின் கை தானாகப் போய்ச் சுத்தியலின் பிடியைத் தொட்டது. ஒன்பது சான்று, தொண்ணூறு சான்று, எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. உள்ளே ஒரு குரல் குனிந்து ரகசியமாகப் பேசியது. 'அமுக்கிடு, சீக்கிரம் முடிஞ்சிடும்.' இத்தனை வருடமாக அது அப்பாவின் குரல் என்று நினைத்திருந்தாள். இல்லை, அது அவளுடையது. ஒன்பது வயதுக் குழந்தையைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்திருந்த ஒரே வழி.

வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

உலையின் சின்ன ரீங்காரம் மட்டும் கேட்டது. அப்பா காத்திருந்தார். அதே மௌனம். அவளும் காத்திருந்தாள். மெழுகுக்காரர் கையிலிருந்த கருவியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"அப்போ யார் தப்பு?"

அவள் பிளாஸ்டர் பல்லை லென்ஸோடு அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் குனிந்து பார்க்கவில்லை.

"நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். இது என்ன கலர்னு எல்லாருக்கும் தெரியுது."

"அப்பா, விடுங்க, நான் உடைச்சிடறேன்," என்று குட்டி சுத்தியலுக்குக் கை நீட்டினான். "யார் உடைச்சா என்ன?"

"கையை எடு, குட்டி."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவன் எடுத்துக்கொண்டான்.

அப்பா சுத்தியலைத் தானே எடுத்தார். விதியை அவர் மீறியதில்லை. கேப்பைப் பலகையின் நடுவே வைத்தார், இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினார். சுத்தியல் காற்றிலேயே ஒரு முறை ஆடியது. இறங்கிய அடி கேப்புக்கு ஓரங்குலம் தள்ளிக் கல்லில் விழுந்தது. கேப் துள்ளி, பலகையிலிருந்து உருண்டு, தரையில் டக்கென்று விழுந்து ஓடியது.

யாரும் குனியவில்லை. மூத்தவள்தான் குனிந்து தேடி எடுத்தாள். உடையவில்லை. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சந்தோஷமா?" என்றார் அப்பா. குரல் தழைந்திருந்தது. "உன் தப்பு இல்லைன்னு நிரூபிச்சிட்ட."

"நான் நிரூபிக்க வரலப்பா. இருபத்திரண்டு வாரம் அதைத்தான் பண்ணினேன். நீங்களே திருத்திப் பார்த்தீங்களே, ரெண்டுக்கு ஆறு." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "நாளைக்கே என் கோடு தப்பும். யாருக்குத்தான் தப்பாது? அந்தக் கேப்பை எடுத்து ஓரமா வைப்பேன். எங்க தப்பினேன்னு பார்ப்பேன். வேற செய்வேன். ஆனா எல்லாரும் சுத்தி நின்னு பார்க்க, இந்தக் கல்லு மேல எதையும் உடைக்க மாட்டேன். என் தப்பா இருந்தாலும்."

அந்தக் கடைசி வார்த்தைகளுக்கு எந்தத் தாளிலும் கட்டம் இருந்ததில்லை.

"அப்போ உனக்கு இங்க இடமில்ல," என்றார் அப்பா.

"இருக்கு. ஜன்னலோரம். அங்கதான் உக்காரப் போறேன்."

போய் உட்கார்ந்தாள். "குட்டி, டாக்டரம்மாவுக்குப் போன் போடு. திங்கட்கிழமை காலையில டீச்சர் வகுப்புக்குப் போறதுக்குள்ள புதுக் கேப் வந்துடும்னு சொல்லு. அச்சு இன்னும் இருக்கு. பிளாஸ்டர் நானே ஊத்தறேன்."

"சரிக்கா," என்றான் குட்டி. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அப்பா சுத்தியலைப் பலகையிலேயே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறினார். முன்பெல்லாம் அவர் சுவரைத் தொட்டதில்லை.

*

ஐந்தரைக்கு மற்றவர்கள் கிளம்பினார்கள். மெழுகுக்காரர் போகும்போது அவள் மேஜை அருகே ஒரு நொடி நின்றார். என்னவோ சொல்ல வந்து, "விளக்கை அணைச்சிட்டுப் போம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மூத்தவள் பென்சிலைத் தேடி இழுப்பறையைத் திறந்தாள். பச்சை ஃபைல் கண்ணில் பட்டது. தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தாள். கனத்தில் அது கைநழுவிக் கடைசிப் பக்கத்தில் திறந்துகொண்டது.

கடைசியில் நிரப்பாத தாள் ஒன்று மிச்சம் இருந்தது அவளுக்குத் தெரியும். இப்போது அதில் எழுத்து இருந்தது. நீலப் பென்சில். கோணலும் மாணலுமான எழுத்து. ஒரு காலத்தில் இந்த எழுத்தைப் பார்த்துத்தான் அவள் கையெழுத்துப் பழகினாள்.

தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி.

நிகழ்ச்சி என்ற கட்டத்தில் மூன்றே சொற்கள். 'இடது கை நடுங்குகிறது.'

மனதில் வந்த நினைப்பு என்ற கட்டம் காலி. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் பென்சில் முனையை ஊன்றி ஊன்றி எடுத்த புள்ளிகள். ஏழெட்டு இருக்கும்.

அவள் வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்திருந்தாள். செதுக்கும்போது பல்லைப் பிடித்துத் திருப்புவது இடது கை. ஃபைல் இரண்டு மணியிலிருந்தே இழுப்பறையில்தான் இருந்தது. அப்படியானால் கேப் திரும்பி வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும்தான் நான்கு மணிக்குச் சுத்தியலை அவள் பக்கம் தள்ளினார்.

கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே பழைய இழுப்பும் வந்தது. எழுந்து மேலே ஓடு. 'என் தப்புப்பா, நான்தான் கவனிச்சிருக்கணும்' என்று சொல்லு. அவருக்குப் பதிலாக மற்ற நான்கு கட்டங்களையும் நீயே நிரப்பிக் கொடு, உனக்குத்தான் நன்றாக வருமே. கை சிவப்புப் பென்சிலை எடுத்துக்கூட விட்டது.

சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அந்தத் தாளை மட்டும் ஃபைலிலிருந்து உருவினாள். அப்பாவின் இடத்துக்குப் போய், அவருடைய லென்ஸுக்குக் கீழே அதை விரித்து வைத்தாள். பக்கத்தில் அவருடைய நீலப் பென்சில். மீதிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. காலியாகவே விட்டாள்.

திரும்பி வந்து அச்சில் பிளாஸ்டர் ஊற்றினாள். அது இறுகும் வரை ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அந்தக் கேப்பை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். உடையாத கேப்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒரு படி, இன்னொரு படி. அம்மாவின் நடையில்லை. குட்டி இப்படி இறங்க மாட்டான்.

பாதிப் படியில் சத்தம் நின்றது.

நின்ற இடத்திலிருந்து பார்த்தால் லென்ஸும் அதன் கீழிருக்கும் தாளும் தெரியும். அது அவளுக்குத் தெரியும். அவள் எழவில்லை, திரும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீட்டின் மௌனங்களில் இன்று அவளுக்கென்றும் ஒன்று இருந்தது. அது கெஞ்சவில்லை, யாருடைய ஒப்புதலுக்காகவும் காத்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

படியில் நின்ற கால் இன்னும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை.